வானொலிப் பெட்டியின் மின்வழங்கி ஏன் சூடாகிறது?

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த 6 வோல்ற்று மின்னில் செய்தி கேட்டதை எம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். ஒருவர் சுற்ற, அயலவர்கள் கூடியிருந்து கேட்டோம். இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பொருட்களைக் கைவிட்ட குடும்பங்களும் வானொலிப் பெட்டியைக் காவிச் சென்றன. அப்பெட்டிகளுட் சில இன்றும் பாடுகின்றன. இப்போது அவை பற்றரிக்குப் பதிலாக, சுவரிலுள்ள மின்சாரத்தில், மின்வழங்கி என்னும் சிறு பெட்டியின் உதவியுடன் இயங்குகின்றன.

பழைய பெட்டிகளில் முதலில் தொல்லை தருவது இந்த மின்வழங்கிதான். ஒரு நாள் வயதான தாயொருவர் தமது வானொலி–கசற் பெட்டியைத் திருத்துவதற்குக் கொண்டுவந்தார்.

“பத்து நிமிசம் பாடுது தம்பி. பிறகு தானாய் நிண்டுபோகுது. ஆறவிட்டுப் போட்டால் திரும்பவும் பாடுது. மகன்ரை குரல் பதிஞ்ச கசற் ஒண்டு இருக்கு. அதை முழுக்கக் கேக்க முடியேல்லை.”

மின்வழங்கியைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத சூடு. உள்ளே உருகி இருந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றப்பட்டிருந்தது. “உருகி அடிக்கடி எரியுதெண்டு ஆரோ இப்பிடிச் செய்து தந்தவை” என்றார் அவர்.

காய்ச்சல் எப்படி நோயின் அடையாளமோ, அப்படியே மின்வழங்கியின் சூடும் ஓர் அடையாளமாகும். உருகி எரிவதும் அத்தகையதே. உருகிக்குப் பதிலாக ஈயத்தாளையோ தடித்த கம்பியையோ வைப்பவர் நோயைக் குணப்படுத்துவதில்லை; அபாயத்தை அறிவிக்கும் வாயை அடைத்துவிடுகிறார். கிடுகால் வேய்ந்த கொட்டிலில் இதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மின்வழங்கி எப்படி வேலை செய்கிறது?

எமது வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. வானொலிக்குத் தேவையானது 6, 9 அல்லது 12 வோல்ற்று மட்டுமே. இந்த வேலையை நான்கு பகுதிகள் சேர்ந்து செய்கின்றன.

முதலாவது மின்மாற்றி. கடைகளில் இதனை றான்ஸ்போமர் என்று கேட்டு வாங்குகிறோம். இது 230 வோல்ற்றைக் குறைக்கிறது. இரண்டாவது, டயோட்டுகள் நான்கு. முன்னும் பின்னுமாக மாறி ஓடும் மின்னை இவை ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. மூன்றாவது, போத்தல் மூடிபோல உருண்டு நிற்கும் கப்பாசிற்றர். விட்டுவிட்டு வரும் மின்னை இது சேமித்துச் சீராகக் கொடுக்கிறது. நான்காவது றெகுலேற்றர். மூன்று கால்களுடைய இச்சிறு பொருள், வெளியே போகும் மின் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது. 12 வோல்ற்றுக்குரியதன்மேல் 7812 என்ற இலக்கம் இருக்கும்.

குளத்து நீரில் வேளாண்மை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கப்பாசிற்றர் குளம், றெகுலேற்றர் துருசு. குளத்தில் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தாலும், துருசு வாய்க்காலுக்குத் தேவையான அளவையே திறந்துவிடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. றெகுலேற்றர் தடுத்து நிறுத்தும் மேலதிக வோல்ற்று முழுவதும் அதன் உடலிலேயே வெப்பமாக மாறுகிறது. ஆகவே உள்ளே வரும் வோல்ற்று எவ்வளவு கூடுதலோ, அவ்வளவுக்குச் சூடும் கூடும்.

சூட்டுக்கான காரணத்தைத் தேடும் ஒழுங்கு

தொடங்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. பின் சில நிமிடம் பொறுத்திருங்கள்.

1. வெளியே பாருங்கள். பெட்டிமேல் துணி போர்த்தியிருக்கிறதா? காற்றுத் துவாரங்களைத் தூசியோ கரப்பான் கூடோ அடைத்திருக்கிறதா? மெல்லிய தூரிகையால் துப்புரவாக்குங்கள். சில பெட்டிகளுக்கு இதுவே போதும்.

2. பிளக்கையும் வயர்கள் சேரும் இடங்களையும் பாருங்கள். இறுக்கமில்லாத இணைப்பில் தடை கூடும்; தடை கூடிய இடம் சூடாகும். பிளாஸ்ரிக் கருகியோ உருகியோ இருந்தால் பிழை அங்கேயே இருக்கலாம். கருகிய பிளக்கை மாற்றிவிட வேண்டும்.

3. வானொலியைக் கழற்றிவிட்டு மின்வழங்கியை மட்டும் பத்து நிமிடம் இயக்கிப் பாருங்கள். அருகிலேயே இருங்கள். பின் பிளக்கைக் கழற்றி, வெளிக்கூட்டின்மேல் கையை வையுங்கள். இளஞ்சூடு இயல்பானது. ஐந்து எண்ணும்வரை கையை வைத்திருக்க முடியாவிட்டால் பிழை மின்வழங்கிக்குள்ளே உள்ளது. வானொலியைக் கொழுவிய பின்பே சூடாகிறதென்றால், வானொலி அளவுக்கு மிஞ்சி மின்னை இழுக்கிறது, அல்லது மின்வழங்கி அதற்குப் போதாது. இரண்டிலும் எழுதப்பட்டுள்ள வோல்ற்று, அம்பியர் அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வோல்ற்று ஒன்றாக இருக்கவேண்டும். மின்வழங்கியின் அம்பியர் வானொலிக்குத் தேவையானதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும்.

4. உள்ளே கப்பாசிற்றரைப் பாருங்கள். தலை வீங்கியிருந்தாலோ அடியில் கசிவு இருந்தாலோ மாற்ற வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை வெப்பம் கூடும்போதும் இதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலாளர் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே சூட்டுக்குக் காரணமானதை நீக்காமல் கப்பாசிற்றரை மட்டும் மாற்றினால், புதியதும் விரைவில் வீங்கும்.

5. டயோட்டுகளை மல்டிமீற்றரால் சோதியுங்கள். ஒரு முனையைக் கழற்றிய பின் சோதிப்பதே சரியானது. நல்ல டயோட் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டும். மறுதிசையில் ஒன்றும் காட்டாது. இரு திசையிலும் பூச்சியம் காட்டினால் அது பழுது. அப்படிப் பழுதான டயோட் மின்மாற்றியைக் கடுமையாகச் சூடாக்கி, உருகியையும் எரிக்கும்.

6. டயோட்டுக்குப் போகும் வயர்களைக் கழற்றிய பின்பும் மின்மாற்றி கொதித்தால், அதன் சுருளுக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று பட்டுவிட்டன என்று கொள்ளலாம். அதனை மாற்றுவதே வழி.

7. றெகுலேற்றரின் முதுகு அலுமினியத் தகட்டோடு நன்றாகப் பொருந்தி, திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடையில் பூசும் வெள்ளைப் பசை காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக மெல்லியதாய்ப் பூசுங்கள்.

அந்தத் தாயின் பெட்டியில் என்ன பிழை?

பத்து நிமிடம் பாடி நின்று, ஆறியதும் மீண்டும் பாடுவது ஒரு முக்கிய அடையாளம். 7812 போன்ற றெகுலேற்றர் அளவுமீறிச் சூடானால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே மின்னை நிறுத்திவிடும். ஆகவே அது பழுதாகவில்லை; தன் கடமையையே செய்தது.

உள்ளே இருந்த மின்மாற்றி 18 வோல்ற்றுக்குரியது. முன்னர் திருத்தியவர், 12 வோல்ற்று மின்மாற்றி கிடைக்காமல் இதைப் பொருத்தியிருக்கவேண்டும். 18 வோல்ற்று மாறும் மின்னை டயோட்டும் கப்பாசிற்றரும் ஏறத்தாழ 24 வோல்ற்று நேர் மின்னாக்கும். றெகுலேற்றர் வெளியே கொடுப்பது 12. மிகுதி 12 வோல்ற்றையும் அதுவே தாங்கவேண்டும். வானொலி அரை அம்பியர் எடுத்தால், 12ஐ அரையாற் பெருக்க 6 உவாற்று வெப்பம். அலுமினியத் தகடோ கழன்று தொங்கியது. வெறும் றெகுலேற்றர் இவ்வளவு வெப்பத்தைத் தாங்காது. கப்பாசிற்றரும் 25 வோல்ற்றுக்குரியதாகையால் வீங்கியிருந்தது.

12 வோல்ற்று மின்மாற்றியைப் பொருத்தினால் உள்ளே வருவது ஏறத்தாழ 15.6 வோல்ற்று. றெகுலேற்றர் தாங்கவேண்டியது 3.6 வோல்ற்று, வெப்பம் 1.8 உவாற்று மட்டுமே. அதையே செய்தோம். தகட்டை இறுக்கி, 4700 மைக்ரோபரட், 25 வோல்ற்றுக் கப்பாசிற்றர் ஒன்றைப் பொருத்தி, ஈயத்தாளை எறிந்துவிட்டுச் சரியான அளவுள்ள உருகியை வைத்தோம். உருகி அதன்பின் எரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகள்

கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் பெட்டிகளை அப்படியே கொழுவிவிடாதீர்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. பெட்டியின் பின்புறத்தில் 120 மட்டும் எழுதப்பட்டிருந்தால், எமது 230 வோல்ற்று அதனை எரித்துவிடும். வோல்ற்றைக் குறைக்கும் மின்மாற்றி ஒன்று இடையில் வேண்டும். அத்தோடு அங்குள்ள மின் செக்கனுக்கு 60 தடவை மாறுவது. எமது மின் 50 தடவை மாறுவது. 60க்கு மட்டும் செய்த மின்மாற்றி இங்கே வழமையைவிடக் கூடச் சூடாகும். 100–240 என்றும் 50/60 என்றும் எழுதியிருந்தால் பயமில்லை.

எதைத் தொடக்கூடாது?

பாரமான மின்மாற்றி இல்லாத, இலேசான மின்வழங்கிகளும் உண்டு. கைத்தொலைபேசிச் சார்ஜர்கள் இவ்வகையின. இவற்றின் உள்ளேயுள்ள கப்பாசிற்றரில் 325 வோல்ற்று வரை நிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்பும் சிறிது நேரம் நிற்கக்கூடும். முறையாகப் பழகாதவர் இவற்றைத் திறக்கக்கூடாது. சூடேறினால் மாற்றிவிடுவதே நன்று.

எந்த மின்வழங்கியையும் கிடுகின்மேலோ பாயின்மேலோ வைக்காதீர்கள். நித்திரைக்குப் போகுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். புகை கண்டால் முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். மின் நிற்குமுன் தண்ணீர் ஊற்றக்கூடாது. காய்ந்த மணலைப் போடலாம்.

திருத்திய பெட்டியை உடனே கையளிக்கவும் கூடாது. குறைந்தது ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, சூட்டைத் தொட்டுப் பார்த்த பின்பே கொடுக்க வேண்டும். அந்தத் தாயின் பெட்டியை அவர் கொண்டுவந்த கசற்றைப் போட்டே சோதித்தோம். ஒரு பக்கம் முடிந்ததும் அவரே எழுந்துவந்து மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டார். அதுவும் முடியும்வரை பெட்டி நிற்கவில்லை. மின்வழங்கியைத் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடுதான் இருந்தது.