மாத்திரை உண்ணும் மழலையும் பெற்றோர் கடமையும்

ஓரிடத்தில் அமராத குழந்தையைத் 'துறுதுறுப்பானவன்' என்று பெருமையுடன் கூறுவதும், அதே குழந்தை பள்ளியில் சேர்ந்ததும் 'அடங்காதவன்' என்று பழிப்பதும் நம்மிடையே காணப்படும் வழக்கம். இவ்விரு சொற்களுக்கும் இடையில் மருத்துவ உதவி தேவைப்படும் ஒரு நிலை மறைந்திருக்கக்கூடும். கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கூடிய இந்நிலையை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குவர். உலக அளவில் குழந்தைகளுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகளின் தொகுப்பு மதிப்பிடுகிறது. இவர்களுள் ஒரு பகுதியினர் மருந்து உட்கொள்கின்றனர். அத்தகைய சிறு குழந்தையை வளர்க்கும் பெற்றோர் அறிய வேண்டுவன யாவை, அரசுப் பணியாளர்கள் செய்யக்கூடுவன யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திருவனந்தபுரத்தின் பங்கு

குழந்தை வளர்ச்சித் துறையில் திருவனந்தபுரத்துக்குத் தனியிடம் உண்டு. 1951-இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியின் வளாகத்திலேயே தாய் சேய் நலத்துக்கான ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும், குழந்தை வளர்ச்சி மையமும் இயங்குகின்றன. டாக்டர் எம்.கே.சி. நாயர் முன்னின்று 1987-இல் உருவாக்கிய இம்மையம், குழந்தைப் பருவக் குறைபாடுகளை முளையிலேயே கண்டறிவதை நோக்கமாகக் கொண்டது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சியை 17 இனங்களைக் கொண்டு எளிதாக மதிப்பிட உதவும் 'திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை' இங்கு உருவானதே. மருத்துவரல்லாத களப்பணியாளரும் இதனைப் பயன்படுத்த இயலும் என்பது இதன் சிறப்பு.

எனினும் ஏ.டி.எச்.டி.யை இரண்டு வயதில் உறுதி செய்ய இயலாது. சிறு குழந்தைகள் இயல்பாகவே ஓடித் திரிபவர்கள். ஆகவே, கவனக்குறைவோ மிகைச் செயல்பாடோ ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கிறதா, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்படுகிறதா, குழந்தையின் கற்றலையும் உறவுகளையும் பாதிக்கிறதா என்று ஆராய்ந்த பின்னரே மருத்துவர் முடிவு கூறுவார். கேட்கும் திறன், பார்வை, உறக்கம் ஆகியவற்றில் குறை உண்டா என்பதும் கருத்தில் கொள்ளப்படும். இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ இதனைக் கண்டறிய முடியாது. இந்நிலை பெரும்பாலும் மரபுவழி அமைவது. தாயின் கண்டிப்புக் குறைவால் விளைவதன்று.

மருந்து எப்போது?

ஆறு வயதை எட்டாத குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை மாத்திரையன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, நான்கு வயது முதல் ஆறு வயது நிறையும் வரை பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியையே முதலில் அளிக்க வேண்டும் என்கிறது. அப்பயிற்சி போதிய பயன் தராது, இடர்ப்பாடும் கடுமையாக நீடித்தால் மட்டுமே மருந்து ஆராயப்படும். ஆறு வயதுக்கு மேல் மருந்தும் பயிற்சியும் இணைந்து அளிக்கப்படுகின்றன.

முதன்மையாக வழங்கப்படும் மருந்து மெதில்பெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தில் தயாரிக்கப்பட்ட இது, மூளையில் கவனத்தை நெறிப்படுத்தும் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் செயலை மிகுவிக்கிறது. சாதாரண மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும்; மெல்லக் கரையும் வகை எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும். மருந்து குழந்தைக்கு அறிவைப் புகட்டுவதில்லை. கற்பதற்குத் தேவையான அமைதியை மட்டும் தருகிறது. அந்த அமைதியில் எதைக் கற்பிப்பது என்பது பெற்றோர், ஆசிரியர் பொறுப்பாகும்.

அன்றாட வாழ்வில்

இம்மருந்தின் விளைவுகளுள் அடிக்கடி காணப்படுவது பசிக்குறைவு. எனவே காலையில் புட்டோ, இட்டலியோ, நேந்திரம் பழமோ வயிறார உண்ட பின் மாத்திரை தருவது நன்று. நண்பகல் உணவைக் குழந்தை மீதம் வைத்தால் அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. மருந்தின் வேகம் தணிந்து பசி திரும்பும் மாலை நேரத்தில் சத்துள்ள உணவு அளித்து ஈடு செய்யலாம். உயரத்தையும் எடையையும் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். உறக்கம் கெடுதல், வயிற்றுவலி, தலைவலி ஆகியனவும் தோன்றலாம். நேரம் தாழ்த்தி மாத்திரை தந்தால் இரவுத் தூக்கம் பாதிக்கப்படும். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாகத் தருதல் கூடாது. குடும்பத்தில் இதய நோயோ இளவயதில் திடீர் மரணமோ நேர்ந்திருந்தால் மருந்து தொடங்கும் முன்னரே கூற வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ ஏற்பட்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். மாத்திரைகள் பூட்டிய அலமாரியில் இருப்பதே பாதுகாப்பு.

மருந்து தணியும் மாலை வேளையில் சில குழந்தைகள் சிணுங்குவதும் சினப்பதும் உண்டு. அந்நேரத்தில் வீட்டுப்பாடத்தை வற்புறுத்துவதினும், சிறிது விளையாட விடுவதே பயன் தரும். கட்டளைகள் சுருக்கமாகவும், ஒரு நேரத்தில் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும். 'குளித்து, உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு வா' என்பது இக்குழந்தைக்கு மூன்று கட்டளைகள். முதலாவதிலேயே அவன் நின்றுவிடக்கூடும். செய்ததை அக்கணமே பாராட்டுவது, நாள் முடிவில் தரும் பரிசைவிடப் பயனுடையது.

மற்றொன்றும் கருதத்தக்கது. குழந்தை குறும்பு செய்யுந்தோறும் 'இன்று மாத்திரை சாப்பிட்டாயா?' என்று வினவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்லவனாக இருப்பது தன் கையில் இல்லை, மாத்திரையில் உள்ளது என்று குழந்தை நம்புவதற்கு இதுவே வழிவகுக்கும். முயற்சி குழந்தையுடையது, மருந்து அதற்குத் துணை என்பதை அவன் வயதுக்கேற்ற சொற்களில் உணர்த்துதல் வேண்டும்.

உறவினர் சொல்லும் அச்சமும்

'இம்மாத்திரை பழக்கமாகிவிடும்' என்று பாட்டியோ அண்டை வீட்டாரோ கூற, தாய் அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவதுண்டு. இந்த அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. மெதில்பெனிடேட் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடிய பொருளே. அதனால்தான் அது போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் வரம்பிலும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் மருத்துவர் வகுத்த அளவில், அவர் கண்காணிப்பில் தரப்படும்போது குழந்தை அதற்கு அடிமையாகும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே முறை. தாமாக நிறுத்துவதும் கூட்டுவதும் முறையன்று.

நிர்வாகம் செய்யத்தக்கவை

எக்ஸ் அட்டவணை மருந்துக்கு இரு படிகளில் மருத்துவச் சீட்டு தேவை. ஒரு படியைக் கடைக்காரர் இரண்டாண்டுகள் வைத்திருக்க வேண்டும். விற்பனைக்குத் தனி உரிமமும் வேண்டும். ஆகவே எல்லா மருந்துக் கடைகளிலும் இது கிடைப்பதில்லை. 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், அப்பகுதியினர் பலர் மருத்துவத்துக்குத் திருவனந்தபுரத்தையே நாடுகின்றனர். இத்தகைய தொலைதூரக் குடும்பங்களுக்கு ஒரு சீட்டுக்காக ஒரு நாள் கூலி போய்விடுகிறது. கட்டுப்பாடு தளர வேண்டுமென்பதன்று. மாவட்ட மருத்துவமனைகளில் மருந்து தட்டின்றிக் கிடைத்தால், கட்டுப்பாடும் காக்கப்படும், குழந்தையின் சிகிச்சையும் இடையறாது.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 18 வயது வரை உள்ளோரைப் பரிசோதிக்க வகை செய்கிறது, ஏ.டி.எச்.டி.யும் அதன் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்களுக்குக் குழந்தைகளை அனுப்புவதில் அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் பெரும்பங்கு ஆற்றலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்துள்ளது. தன்னை அடக்கிக்கொள்ள இயலாத குழந்தைக்கே இப்பாதுகாப்பு மிகுதியும் தேவை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியே இடம்பெறவில்லை. ஆயினும் இதனோடு பல வேளைகளில் சேர்ந்து வரும் கற்றல் குறைபாடு அதில் உள்ளது. அதனை மதிப்பிட்டுச் சான்று பெற வழிகாட்டுவது அலுவலர் கடமையாகும்.

வகுப்பில் முன்வரிசை இருக்கை, சிறு சிறு பகுதிகளாகப் பாடம், இடையே எழுந்து நடக்க ஒரு வாய்ப்பு: இவற்றுக்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆசிரியர் வாரந்தோறும் எழுதித் தரும் நான்கு வரிக் குறிப்பு, மருந்தின் அளவை முடிவு செய்ய மருத்துவருக்குப் பெரிதும் உதவும். காலையில் தாய் தரும் மாத்திரையின் பயன் பள்ளி நேரத்திலேயே வெளிப்படுகிறது. அந்நேரத்தில் குழந்தை பெறுவது பாடமா, பழிச்சொல்லா என்பதைப் பொறுத்தே அச்சிகிச்சையின் வெற்றி அமையும்.