எட்டக் கோட்டை, கிட்ட மழை

நிலாவைச் சுற்றிப் பெரிய வளையம் தெரிந்தால் 'நிலா கோட்டை கட்டியிருக்கு' என்பார்கள். கூடவே ஒரு சொலவடையும் வரும்: எட்டக் கோட்டை கிட்ட மழை, கிட்டக் கோட்டை எட்ட மழை. வளையம் நிலாவை விட்டுத் தள்ளியிருந்தால் மழை நெருங்கிவிட்டது, ஒட்டியிருந்தால் இன்னும் நாளாகும் என்று பொருள். எட்டக் கோட்டையையும் கிட்டக் கோட்டையையும் பிரித்துப் பார்த்தவர்களின் கண்ணை மெச்ச வேண்டும். இரண்டும் உருவாகும் விதமே வேறு.

எட்டக் கோட்டையைக் கட்டுவது பனிக்கட்டித் துகள்கள். தரையில் புழுங்கினாலும் 6 கிலோமீட்டருக்கு மேலே கடும் உறைகுளிர். அங்கே சல்லாத்துணிபோல் மெல்லிய மேகம் படர்கிறது. அதிலுள்ள துகள்கள் ஆறு பக்கப் பட்டை கொண்டவை. ஒரு பக்கத்தில் நுழையும் நிலவொளி, அடுத்த பக்கத்தை விட்டு அதற்கடுத்த பக்கம் வழியே வெளியேறும்போது குறைந்தது சுமார் 22 பாகை வளைகிறது. அதற்குக் குறைவாக வளைவதில்லை என்பதால் வளையத்தின் உட்புறம் சற்று இருண்டிருக்கும். சிவப்பு எல்லாவற்றிலும் குறைவாக வளைவதால் உள்விளிம்பில் செம்மை தட்டும்.

கையை நீட்டி விரல்களை நன்றாக விரியுங்கள். கட்டைவிரல் நுனி நிலாவில் இருந்தால் சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வளையத்தைத் தொடும். எந்த மாதமானாலும் எட்டக் கோட்டைக்கு இதே அளவுதான்.

கிட்டக் கோட்டை நீர்த்துளிகளின் வேலை. பெரும்பாலும் அந்தப் பனிக்கட்டி மேகத்தைவிடத் தாழ்ந்த மேகங்களில், நுண்ணிய துளிகளின் ஓரங்களில் ஒளி சிதறி, நிலாவை ஒட்டிச் சில பாகை அகலத்தில் வட்டமாகத் தெரியும். இங்கே செம்மை வெளிவிளிம்பில் இருக்கும். இதை வைத்து மழையைக் கணிப்பது கடினம்.

எட்டக் கோட்டை மழைக்கு அடையாளமா? ஐரோப்பா போன்ற மிதவெப்ப நாடுகளில் ஓரளவு நம்பலாம். அங்கே வெப்பக் காற்று குளிர்காற்றின்மேல் ஏறிவரும்போது உயர்மேகம்தான் முதலில் வந்துசேரும், மழை பின்னால் வரும். தமிழ்நாட்டில் காலம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவானால், அதன் உச்சியிலிருந்து விரியும் மேகம் மழைக்கு முன்பே நம் வானத்தை எட்டிவிடும். அப்போது அந்தச் சொலவடைக்கு வலு உண்டு. ஆனால் தாழ்வுநிலை வேறு திசைக்குத் திரும்பிவிட்டால் கோட்டை மட்டுமே மிஞ்சும். ஆனி, ஆடியிலோ உயரத்தில் வீசும் பலத்த கீழைக்காற்று வேறெங்கோ பெய்த இடிமழையின் மேகத்தைக் கொண்டுவந்து பரப்புவதுண்டு. அன்று வளையம் தெரிந்தாலும் ஒரு தூறல்கூட விழாமல் போகலாம்.

வளையத்தைக் கண்டதும் முடிவுகட்ட வேண்டாம், சில மணி நேரம் பாருங்கள். மேகம் தடித்து, வளையம் அழிந்து, நிலாவும் மங்கலாகிக்கொண்டே போனால் மழைக்கு வாய்ப்பு கூடுகிறது. மேகம் கலைந்து நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் காயப்போட்ட நெல்லை அவசரமாக அள்ள வேண்டியதில்லை.