2 மில்லிமீட்டர் பிரச்சனை: பழைய லென்ஸ், புது கேமரா

பெரியப்பாவோட கேனான் எஃப்டி 50 எம்எம் லென்ஸ் என் கைக்கு வந்துச்சு. அம்மா அப்பா கல்யாணப் படங்களை எடுத்த லென்ஸ். என் டிஎஸ்எல்ஆரும் கேனான்தான். ஒரே கம்பெனி, மாட்டினா போதும்னு நினைச்சேன். மாட்டவே முடியல. தெரிஞ்ச ஒரு லேத் பட்டறையில, "பின்னாடி வளையத்தைக் கடைஞ்சு எடுத்துட்டு வேற போட்டுடலாம் தம்பி"ன்னாங்க. சரின்னு சொல்ல இருந்தேன். நல்லவேளையா ஒரு நாள் தள்ளிப் போட்டேன். அந்த ஒரு நாள்ல கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோடு.

முதல்ல ஒரே ஒரு எண்ணைப் புரிஞ்சுக்கணும். லென்ஸ் மாட்டுற வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவுல இருக்கிற தூரம். இதுக்குப் பேர் ஃபிளாஞ்ச் டிஸ்டன்ஸ். ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் இது வேற. பழைய எஃப்டிக்கு 42 மில்லிமீட்டர். 1987-ல கேனான் ஈஎஃப் மவுன்ட்டுக்கு மாறினப்போ அது 44 ஆச்சு. அதாவது என் டிஎஸ்எல்ஆர்ல இந்த லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தை விட 2 மில்லிமீட்டர் முன்னாடி நிக்கும்.

ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன ஆகப்போகுதுன்னு கேட்பீங்க. ஒரு சின்னக் கணக்கு: ஃபோகல் லெங்க்த்தை அதாலேயே பெருக்கி, அதிகப்படியான தூரத்தால வகுங்க. 50 × 50 = 2500. அதை 2-ஆல வகுத்தா 1250 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. கல்யாணம் எடுக்கணும்னா மணமேடையிலேயே ஏறி உட்காரணும்!

இதைச் சரிபண்ண மூணு வழி இருக்கு. ஒண்ணு, உள்ளே கண்ணாடி வச்ச அடாப்டர். தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகும், ஆனா படத்தோட தரம் குறையும். ரெண்டாவது, பட்டறைக்காரர் சொன்ன மாதிரி லென்ஸையே வெட்டுறது. தப்பாப் போச்சுன்னா திரும்பி வர வழியில்ல. மூணாவது, கேமராவை மாத்துறது.

டிஎஸ்எல்ஆருக்குள்ள ஒரு கண்ணாடி மேலும் கீழும் போய் வரணும். அதுக்கு இடம் விட்டுத்தான் லென்ஸ் தள்ளி நிக்குது. மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடியே இல்ல. அதனால சோனி ஈ மவுன்ட்டுக்கு 18 மில்லிமீட்டர் போதும், கேனான் ஆர்எஃப்புக்கு 20. எஃப்டியோட 42-ல 18 போனா மிச்சம் 24. அந்த 24 மில்லிமீட்டரை நிரப்புற ஒரு வெற்றுக் குழாய்தான் உங்க அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. லென்ஸ்ல ஒரு கீறல்கூட விழாது, எப்ப வேணா கழட்டிக்கலாம்.

மாட்டினதும் செய்ய வேண்டியவை:

மெனுவுல "லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்"ங்கிற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. இல்லன்னா சில கேமராக்கள் படமே எடுக்காது.

எஃப்டி அடாப்டர்ல ஒரு வளையம் இருக்கும். அதை லாக் பக்கம் திருப்பினாத்தான் லென்ஸோட அப்பர்ச்சர் வேலை செய்யும்.

ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஃபோகஸ் பீக்கிங் போடுங்க, திரையைப் பெரிதாக்கிப் பார்த்து கையால திருப்புங்க.

பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் இருந்தா, 50-ன்னு நீங்களே பதிவு பண்ணுங்க. லென்ஸ் தன் பேரைச் சொல்லாது.

வாங்குற முன்னாடி லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிஞ்சா அது பூஞ்சை. கடலோர ஊர் ஈரத்துல பல வருஷம் பீரோவுக்குள்ள இருந்த லென்ஸ்னா இன்னும் கவனமாப் பாருங்க.

நான் நண்பனோட சோனியைக் கடன் வாங்கி, அதே லென்ஸ்ல அம்மாவையும் அப்பாவையும் திரும்ப எடுத்தேன். முதல் பத்துப் படம் ஃபோகஸ் அவுட். பதினொண்ணாவது வந்துச்சு.

உங்க வீட்டுலயும் ஒரு லென்ஸ் தூங்கிட்டிருந்தா, அரத்தை எடுக்குறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு எண்களையும் தேடிக் கழிச்சுப் பாருங்க. லென்ஸோட எண் பெருசா இருந்து, நடுவுல அடாப்டருக்கு இடமும் இருந்தா, வெட்டுற வேலையே இல்ல.