பாலாவின் மாணி சார்

சட்டசபை மனிதர்கள் – 11

கேரள முதல்வர் ஆர். சங்கரின் அமைச்சரவை கவிழ்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கவிழ்த்த 15 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களும் அதோடு ஓயவில்லை. 1964 அக்டோபரில் கோட்டயம் திருநக்கரை மைதானத்தில் கூடி, கேரள காங்கிரஸ் என்று தனிக்கட்சி கண்டார்கள். கே.எம். ஜார்ஜ் தலைவர். நாயர் சமுதாயத்தின் பெரியவர் மன்னத்து பத்மநாபன் ஆசீர்வதித்தார். நாயர்களும் கத்தோலிக்கர்களும் ஒரே மேடையில் நின்றதே அன்று பெரிய செய்தி.

அந்தக் கட்சியில் சேர்ந்தவர்களில் ஒருவர் கோட்டயம் மாவட்டக் காங்கிரஸின் செயலாளராக இருந்த 31 வயது வக்கீல், கே.எம். மாணி. பாலாவுக்குப் பக்கத்தில் மரங்காட்டுப்பிள்ளி அவர் ஊர். சட்டம் படித்தது நம் சென்னைச் சட்டக் கல்லூரியில். 1965 தேர்தலில் பாலா என்ற தொகுதி புதிதாக முளைத்தது. மாணி நின்றார், ஜெயித்தார். ஆனால் சபைக்குள் கால் வைக்கவில்லை. மார்க்சிஸ்டுகளுக்கு 40, காங்கிரசுக்கு 36, கேரள காங்கிரசுக்கு 23 என்று எண்ணிக்கை சிதறிப்போனதால் யாராலும் ஆட்சி அமைக்க முடியவில்லை. சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. பதவிப் பிரமாணமே எடுக்காத வெற்றி அது.

அதற்குப் பிறகு பாலாவில் இன்னும் 12 தேர்தல்கள். பன்னிரண்டிலும் மாணியே. 1967-ல் கட்சி 5 இடங்களுக்குச் சுருங்கியபோதும் பாலா அதில் ஒன்று. 1970-ல் மட்டும் மயிரிழை: எம்.எம். ஜேக்கபை வென்றது 364 ஓட்டில். பிற்காலத்தில் மேகாலயா ஆளுநரான அதே ஜேக்கப்தான்.

தொகுதி அசையவில்லை, கட்சியும் கூட்டணியும் அசைந்துகொண்டே இருந்தன. 1975 டிசம்பரில் அச்சுத மேனன் அமைச்சரவையில் நிதியமைச்சர். பிறகு உள்துறை. 1979-ல் கட்சியின் இன்னொரு தலைவரான பி.ஜே. ஜோசப்போடு முறித்துக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்ட கட்சி. 1980-ல் மார்க்சிஸ்ட் நாயனாரின் நிதியமைச்சர். அடுத்த ஆண்டே வெளியேறி கருணாகரனோடு கைகோத்தார். கருணாகரனின் அமைச்சரவை சபாநாயகர் ஏ.சி. ஜோஸின் தீர்மான ஓட்டை நம்பி நாளை ஓட்டியது. மாணியின் கட்சியிலேயே இருந்த லோனப்பன் நம்பாடன் எதிரணிப் பக்கம் போனதும் 1982 மார்ச்சில் விழுந்தது. உடைத்துப் பழகியவருக்கு உடைபடுவதும் புதிதில்லை. கேரள காங்கிரஸ் வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் என்று மாணியே சொல்வார். கேலியாகச் சொன்னாரா, பெருமையாகவா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தனை தாவலுக்கும் பாலா ஏன் கோபப்படவில்லை? இந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரக் கட்டுரை.

மீனச்சில் ஆற்றங்கரை ஊர் பாலா. சுற்றிலும் ரப்பர். பெரிய எஸ்டேட் முதலாளிகளைவிட, இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு விடியற்காலையில் தாங்களே பால் வெட்டும் குடும்பங்கள்தான் அதிகம். ஷீட் அடித்து, உலர்த்தி, விலை ஏறும்வரை வீட்டிலேயே அடுக்கி வைப்பார்கள். மகளின் கல்யாணமும் மகனின் காலேஜும் ஆர்.எஸ்.எஸ்.-4 ரக ஷீட்டின் கிலோ விலையில் நிற்கும். நிலம் இருப்பதால் கம்யூனிஸ்ட் கணக்கில் இவர்கள் பாட்டாளிகள் இல்லை, பணக்காரர்களும் இல்லை. கொஞ்சம் மண் வைத்து அதில் உழைப்பவனும் உழைக்கும் வர்க்கமே என்று மாணி ஒரு சித்தாந்தமே எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ, பாலாவின் வாக்காளனுக்கு அவன் யார் என்று சொன்ன ஒரே அரசியல்வாதி அவர்தான் என்று தோன்றுகிறது. கூட்டணி எதுவானாலும், நிதித்துறைக் கோப்பு தங்கள் ஆள் கையில் இருந்தால் போதும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அது தப்புக் கணக்கில்லை. மாணி தாக்கல் செய்த பட்ஜெட்டுகள் 13. கேரளத்தில் வேறு எவருக்கும் அந்த எண்ணிக்கை கிடையாது. லாட்டரி வருமானத்தில் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் காருண்யா திட்டமும், ரப்பருக்குக் கிலோ 150 ரூபாய் உறுதி என்ற அறிவிப்பும் அவர் பட்ஜெட்டில் வந்தவை. போதாக்குறைக்கு, தொகுதியில் கல்யாண வீடு, சாவு வீடு எதையும் விடமாட்டார்.

ரப்பர் அறிவிப்பு வந்த அந்தக் கடைசி பட்ஜெட்டைச் சொல்லாமல் மாணியைச் சொல்ல முடியாது. மூடிய மதுக்கூடங்களைத் திறக்க ஒரு கோடி ரூபாய் கைமாறியது என்று 2014-ல் மதுக்கூட உரிமையாளர் ஒருவர் குற்றம் சாட்டியிருந்தார். மாணி மறுத்தார். அவர் பட்ஜெட் வாசிக்கக் கூடாது என்று இடதுசாரிகள் சூளுரைத்தார்கள். 2015 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. முதல்நாள் இரவே இரு தரப்பு எம்.எல்.ஏ.க்களும் சட்டமன்றத்துக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். காலையில் சபாநாயகரின் நாற்காலி மேடையிலிருந்து கீழே பறந்தது. கணினி, மைக் எல்லாம் உடைந்தன. 82 வயது மாணி, எதிர்பார்த்த வாசலை விட்டுவிட்டு வேறு வழியாக நுழைந்து, ஆளுங்கட்சிக்காரர்களும் காவலர்களும் சுவர்போல நிற்க, சில நிமிடங்கள் மட்டும் வாசித்துத் தாளை மேஜையில் வைத்தார். மணிக்கணக்கில் பட்ஜெட் வாசிக்கும் மனிதர்! ஆளுங்கட்சியினர் லட்டு கொடுத்துக் கொண்டாடினார்கள். எதற்கு லட்டு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நவம்பரில் உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேசியதும் பதவி விலகினார். லஞ்சத்துக்கு ஆதாரமில்லை என்று விஜிலென்ஸ் திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்தது. ஊர் முழுசாக நம்பவில்லை. பாலாவுமே கொஞ்சம் விலகியது. 2006-ல் 7,759 ஆக இருந்த வித்தியாசம், 2011-ல் 5,259 ஆகி, 2016-ல் 4,703-க்கு இறங்கியது. மூன்று முறையும் எதிர்த்து நின்று தோற்றவர் ஒரே ஆள்: தேசியவாத காங்கிரஸின் மாணி சி. காப்பன்.

2019 ஏப்ரல் 9-ல் மாணி காலமானார். முதலமைச்சர் நாற்காலி கடைசிவரை வாய்க்கவில்லை. சிறிய கட்சியை வைத்துக்கொண்டு நிதித்துறைவரைதான் போகலாம் என்பது அவருக்கே தெரிந்திருக்கும்.

இறந்த சில வாரங்களிலேயே மகன் ஜோஸ் கே. மாணியும், இடையில் கட்சிக்குத் திரும்பியிருந்த பி.ஜே. ஜோசப்பும் கட்சி யாருடையது என்று மோதினார்கள். அவர்கள் சின்னமும் இரட்டை இலைதான். இரட்டை இலைக்கு எந்த மாநிலத்திலும் நிம்மதி கிடையாதுபோல. செப்டம்பர் இடைத்தேர்தலில் சின்னம் கிடைக்காமல் ஜோஸ் தரப்பு வேட்பாளர் அன்னாசிப் பழத்தில் நின்றார். காப்பன் 2,943 ஓட்டில் வென்றார்.

2020 அக்டோபரில் ஜோஸ், அப்பாவின் பட்ஜெட்டை மறித்த அதே இடதுசாரிகளோடு சேர்ந்தார். 2021 ஜூலையில் அந்த பட்ஜெட் நாள் அமளிக்காக இடதுசாரி எம்.எல்.ஏ.க்கள் மீதிருந்த வழக்கைத் திரும்பப் பெற அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் போன கேரள அரசின் வக்கீல், ஊழல் அமைச்சருக்கு எதிரான போராட்டம் அது என்று வாதாடிவிட்டார். கூட்டணிக் கட்சி கொதித்தது. அடுத்த விசாரணையில், அன்றைய அரசுக்கு எதிரான போராட்டம் என்று திருத்திக்கொண்டார்கள். ஜூலை 28-ல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சட்டமன்றத் தேர்தல். காப்பன் அப்போது காங்கிரஸ் அணியில். ஜோஸ் இடதுசாரி அணியில். கட்சி மாறினாலும் ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்ட பாலா, மகனுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. 15,378 ஓட்டில் தோற்கடித்தது.

மாணி எம்.எல்.ஏ.வாக இருந்த நாள்களின் கணக்கை 2022-ல் ஒருவர் தாண்டினார். பக்கத்துத் தொகுதிக்காரர் என்றே சொல்லலாம்: புதுப்பள்ளி உம்மன் சாண்டி. அங்கே அப்பா போனதும் மகன் 37,719 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வாரம் அவர் கதை.

(தொடரும்)