வானத்துப் பேன்: மின்யே எச்.எம்.14, பிரான்ஸ், 1933

ஒற்றை இருக்கை விமானம்: மரம், ஒட்டுப்பலகை, துணி, மோட்டார் சைக்கிள் எஞ்சின். ஆன்றி மின்யே தானே செய்து, தானே பறந்து பார்த்து, 1934-இல் செய்முறையைப் புத்தகமாகவும் போட்டார். பிரான்சிலும் பிரிட்டனிலும் எத்தனையோ பேர் ரம்பத்தைக் கையில் எடுத்தார்கள்.

முன் இறக்கையின் கீலைப் பாருங்கள். கைப்பிடியை இழுத்தால் அந்த இறக்கை முழுவதுமே சாய்வு மாறும், மூக்கு மேலெழும். காலுக்கு வேலையே இல்லை. சுக்கானையும் அதே கைப்பிடிதான் திருப்பும். சுலபம்தான், ஆனால் வினையும் அங்கேதான் இருந்தது. மூக்கு தாழ்ந்து பாயும்போது பிடியை இழுத்தால், முன்னும் பின்னுமாக உள்ள இரு இறக்கைகளுக்கும் நடுவே காற்று வேகமெடுத்துப் பின் இறக்கையைத் தூக்கிவிடும். மூக்கு இன்னும் தாழும். சிலர் உயிரிழந்தனர்.

1936-இல் காற்றுச் சுரங்கச் சோதனைகள் காரணத்தைக் காட்டின, பறக்கத் தடை வந்தது. மின்யே வடிவத்தைத் திருத்தினார். அந்த வழிவந்த விமானங்கள் பின்னரும் பறந்தன.