பிள்ளைகளின் கையில் களிமண்

ஆண்டுதோறும் தைப்பொங்கல் நெருங்கும் வேளையில் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடைகளில் மண்பானைகள் அடுக்கி வைக்கப்படுகின்றன. தீபாவளி, கார்த்திகை நாட்களில் அகல் விளக்குகள் வருகின்றன. அவற்றை வாங்கி இறைவன் திருமுன் வைக்கும் நம் பிள்ளைகளிடம், "இதை எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்டால் பலர் விழிப்பர். அறுபத்து மூவருள் ஒருவரான திருநீலகண்ட நாயனார், தில்லையில் மண்பாண்டம் வனைந்து சிவனடியார்களுக்குத் திருவோடு அளித்த குயவர் என்பதை நாம் அறிவோம். அத்தகைய தொழிலை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் கைதொட்டுப் பழக வேண்டாமா?

நம் நாட்டின் தொடக்கப் பள்ளிக் கலைக்கல்வியில் உருவம் அமைத்தலும் மரபுக் கைவினையும் இடம்பெற்றுள்ளன. பேரா மாநிலத்துக் கோலகங்சாரில் செய்யப்படும் 'லாபு சாயோங்' எனும் கரிய நீர்க்குடுவையைப் பிள்ளைகள் படத்தில் காண்கிறார்கள். ஆனால் வசதி குறைந்த பள்ளிகளில் கலைப்பாடம் வண்ணப் பென்சிலோடும் தாளோடும் முடிந்துவிடுகிறது. "சூளை இல்லை, அதனால் மண்வேலை இல்லை" என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். இக்காரணம் சரிதானா என்று பார்ப்போம்.

சேவாகிராமம் காட்டிய வழி

காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937-இல் வார்தா மாநாட்டில் உருவானது. அதனைச் சேவாகிராமத்தில் முன்னின்று நடத்தியவர்கள் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவர்தம் துணைவியார் ஆஷாதேவியும் ஆவர். சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் 1944-இல் அங்கே கலையாசிரியராகச் சேர்ந்து 1962 வரை பணியாற்றினார். செல்வம் மிகுந்த பள்ளியன்று அது, கிராமத்துப் பிள்ளைகளுக்கானது. பிற்காலத்தில் புகழ்பெற்ற மட்பாண்டக் கலைஞராக விளங்கி 2011-இல் மறைந்த அவர், கலையே கல்விக்கு அடிப்படை என்று தம் நூலில் வலியுறுத்தினார். கலை என்பது வசதியுள்ள பிள்ளைக்கு மட்டும் உரியதன்று என்பதே அவருடைய பணி நமக்குத் தரும் பாடம்.

தொடங்கச் சூளை வேண்டியதில்லை

களிமண்ணின் சிறப்பு இதுதான்: சுடாத மண் காய்ந்து போனாலும், நீரில் ஊறவைத்தால் மீண்டும் குழைந்துவிடும். ஒரு மூட்டை மண்ணைப் பல வகுப்புகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சக்கரமும் தேவையில்லை. உருண்டையைக் கட்டைவிரலால் குழித்துக் கிண்ணம் செய்யலாம். மண்ணைக் கயிறுபோல் திரித்து, சுற்றிச் சுற்றி அடுக்கிக் குடுவை செய்யலாம். தட்டையாக்கி வெட்டி ஒட்டிப் பெட்டி செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. மண்ணை நன்கு பிசைந்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். சிறிது நுண்மணல் சேர்த்தால் வெடிப்பு குறையும். கைப்பிடி முதலியவற்றை ஒட்டும்போது இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். வெயிலில் வைக்காமல் பிளாஸ்டிக் தாளால் மூடி மெல்ல உலர விட வேண்டும். காய்ந்த மண்தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகவே மேசையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. நம் பிள்ளையும் தான் செய்த கிண்ணத்தின் அடியில் தன் பெயரைத் தமிழில் கீறலாம். மொழி, வரலாறு, கைத்திறன் மூன்றும் அங்கே கூடுகின்றன. கணக்கில் பின்தங்கிய பிள்ளை மண்வேலையில் முதலாவதாக நிற்கவும் கூடும். அந்தப் பெருமிதம் அப்பிள்ளைக்குப் பெரும் துணை.

ஒரு சூளை, பல பள்ளிகள்

மண் நிலையான பாண்டமாக மாறுவது நெருப்பில்தான். ஏறக்குறைய 600 பாகை செல்சியசில் மண்ணோடு பிணைந்த நீரும் நீங்கிவிடுகிறது. அதன்பின் அது நீரில் கரையாது. உறுதியான செம்மண் பாண்டத்திற்குப் பொதுவாக 900 பாகைக்கு மேல் வெப்பம் தேவை. திறந்தவெளி எரிப்புக்கு நம் நாட்டில் சட்டத் தடை இருப்பதால் பள்ளித் திடலில் சுடுவது முறையன்று. மின்சூளைக்கோ தனி மின்னிணைப்பும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். சிறிய பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு சூளை வாங்கினால், அது ஆண்டில் பல மாதங்கள் சும்மா கிடக்கும். அண்மையிலுள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஒன்று அமைத்து, உலர்ந்த பொருள்களை அங்கே கொண்டுசென்று சுடுவதே அறிவுடைமை.

நன்கொடை வழங்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ப்பலகை பொறித்த இயந்திரத்தை முதலில் தேட வேண்டாம். முதலாண்டில் மண்ணும், மேசை விரிப்பும், ஆசிரியருக்குப் பயிற்சியும் போதும். வகுப்பு இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தால், அப்போது சூளையைப் பற்றிப் பேசலாம். தன் கையால் வனைந்து முறையாகச் சுட்ட அகலில் ஒரு பிள்ளை கார்த்திகைத் தீபம் ஏற்றுமானால், அவ்வொளியில் நம் அறத்தின் பங்கும் இருக்கும்.