ஆனைக்கரையில் எத்தனை பேர்?

புள்ளியியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிக்கின்றோம். "கணக்குக்கு அஞ்சித்தானே பொருளாதாரமும் சமூகவியலும் படிக்க வந்தோம்; இங்கும் அது துரத்துகிறதே!" என்று விடுதியில் அலுத்துக் கொள்ளாத மாணவர் சிலரே. ஆனால் சமூக ஆராய்ச்சியில் எண்களுக்குள்ள இடம், தேர்வுத்தாளில் உள்ள சூத்திரங்களோடு முடிந்துவிடுவதன்று. யாரை எண்ணுகிறோம், எப்படி எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்பதே அதன் உயிர்நாடி. இதனை நமக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரைக் கொண்டு விளக்க முயல்கிறேன். ஊரின் பெயர் ஆனைக்கரை.

எந்த ஆனைக்கரை?

கேரளத்தில் இப்பெயருடைய ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழைப் பக்கம், பட்டாம்பி வட்டத்தில் உள்ளது. நேதாஜியின் படையில் ஜான்சிராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தாய்வழிக் குடும்பம் இவ்வூரைச் சேர்ந்தது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்து ஏலமலையில், தேனி மாவட்டத்தின் எல்லைக்கு அருகில் உள்ளது.

ஆராய்ச்சியின் முதற்பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. எண்ணத் தொடங்குமுன் எதனை எண்ணுகிறோம் என்று வரையறுத்தல் வேண்டும். பெயரை மட்டும் நம்பினால் நெல்வயலும் ஏலத்தோட்டமும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும். காலமும் இவ்வாறே ஏமாற்றும். 1951ஆம் ஆண்டுக் கணக்கைத் தேடுவோர், முன்னைய ஆனைக்கரையைச் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்திலும், பின்னையதைத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் தேட வேண்டும். கேரள மாநிலம் 1956இல் பிறந்தது. இடுக்கி மாவட்டமோ 1972இல்தான் உருவாயிற்று. எல்லை மாறியதை அறியாமல் இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டு, "மக்கள் பெருகினர், குறைந்தனர்" என்று எழுதுவது பெரும்பிழை.

மாணவர் தொடங்கிய மரபு

ஊரை எண்ணி ஆராயும் கலை நமக்குப் புதியதன்று. அதனைத் தென்னாட்டில் நிலைநாட்டியதில் மாணவருக்குப் பெரும்பங்குண்டு. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊரை ஆராய்ந்து வருமாறு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலம், கூலி, கடன், உணவு ஆகியவை பற்றிய செய்திகள் 1918இல் நூலாக வெளிவந்தன. பின்னர் 1936-37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் வழிகாட்டலில் அதே ஊர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. இருவேல்பட்டுக்கு 2008இலும் ஆய்வாளர் சென்றனர். ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு, அன்று மாணவர் குறித்து வைத்த ஏடுகளால் கிடைத்தது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. 1916இல் கல்லூரி வரை வந்தவர் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்தினர். தம் தெருவை அறிந்த அளவுக்குச் சேரியை அவர்கள் அறிந்திருப்பார்களா? கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். இதனை எந்தச் சூத்திரமும் தானாகச் சரிசெய்துவிடாது.

ஒரு சோறு பதம்

எல்லாரையும் எண்ணப் பொருளும் காலமும் போதா. ஆகவே சிலரைத் தேர்ந்து கேட்கிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்வது இந்த மாதிரி முறையைத்தான். ஆனால் பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அப்பழமொழி பலிக்கும். சமுதாயம் சீராக வெந்த பானையன்று. அடியில் குழைந்தும் மேலே நறுக்கரிசியாகவும் இருப்பது. எனவே எந்தச் சோற்றுக்கும் அகப்பையில் ஏறும் வாய்ப்பு இருக்குமாறு எடுக்க வேண்டும். இதுவே சமவாய்ப்பு மாதிரி.

எத்தனை பேரைக் கேட்டால் போதும்? சமவாய்ப்பு முறையில் 100 பேரைக் கேட்டால், கிடைக்கும் விழுக்காடு உண்மையிலிருந்து ஏறக்குறைய 10 புள்ளிகள் வரை விலகலாம். 400 பேர் என்றால் 5 புள்ளிகள். 1,600 பேர் என்றால் இரண்டரைப் புள்ளிகள். பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் தேர்ந்தெடுக்கும் முறை கோணலாயின், எத்தனை பேரைக் கேட்டும் பயனில்லை. 1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டைகள் அனுப்பியது. 23 இலட்சத்துக்கு மேல் விடைகள் வந்தன. லாண்டன் வெல்வார் என்றது இதழ்; 48 மாநிலங்களில் 46இல் வென்றவர் ரூசுவெல்ட். தொலைபேசியும் மோட்டாரும் உடையோர் பட்டியல்களிலிருந்து பெயரெடுத்ததும், விரும்பியவர் மட்டுமே விடையளித்ததும் அந்த இதழைக் கவிழ்த்தன.

ஜீப்பில் வருவோர்

இனி இடுக்கி ஆனைக்கரைக்கு வருவோம். கம்பம், போடி முதலிய பக்கங்களிலிருந்து விடியுமுன் புறப்படும் ஜீப்புகளில் தமிழ்த் தொழிலாளர், அவர்களிலும் பெண்கள் மிகுதியாக, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளில் மலையேறுகின்றனர். ஏலத்தோட்டங்களில் களை எடுத்து, காய் பறித்து, மாலையில் வீடு திரும்புகின்றனர். இவர்களை யார் கணக்கில் சேர்ப்பது?

மக்கள்தொகைக் கணக்கு, ஒருவர் தங்கியிருக்கும் வீட்டில் வைத்தே அவரை எண்ணுகிறது. ஆகவே இவர்கள் தேனி மாவட்டத்துக் கணக்கில் வருகின்றனர். தோட்டத்து லயங்களில் குடியிருப்போர் மட்டுமே இடுக்கிக் கணக்கில் வருவர். 2001இல் 11,29,221 ஆக இருந்த இடுக்கி மாவட்ட மக்கள்தொகை, 2011இல் 11,08,974 ஆகக் குறைந்தது. இந்த எண் இரவில் அங்கு உறங்குவோரைச் சொல்கிறது. பகலில் அங்கு உழைப்போரைச் சொல்வதில்லை. 2011ஆம் ஆண்டுப் படிவத்தில், வேலைக்குச் செல்லும் தொலைவும் ஊர்தியும் கேட்கப்பட்டன. எந்த ஊருக்கு, எந்த மாநிலத்துக்கு என்று கேட்கப்படவில்லை. 1998இல் 10,000 வீடுகளைக் கொண்டு தொடங்கிய கேரள இடப்பெயர்வு ஆய்வு மிகச் சிறந்த பணி. ஆயினும் அதுவும் கேரளத்து வீடுகளின் கதவைத் தட்டுவதே.

மருத்துவ நிலையம், குழந்தைக் காப்பகம், பேருந்து ஆகிய யாவும் மக்கள்தொகையைப் பார்த்தே திட்டமிடப்படுகின்றன. இரவு வீட்டை மட்டும் எண்ணினால், பகலில் மலைப்பாதையில் நெருக்கியடித்து வரும் பெண்ணுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

அப்படியானால் வழி? வீட்டுக்குச் செல்லாமல் பாதைக்குச் செல்வதே வழி. சில நாட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சோதனைச் சாவடி அருகே அதிகாலையில் நின்று, ஒவ்வோர் ஐந்தாம் ஜீப்பிலும் வருவோரைக் கேட்கலாம். இதிலும் ஒரு பொறி உண்டு. வாரத்தில் ஆறு நாள் வருபவர் நம் கையில் அகப்படும் வாய்ப்பு, இரண்டு நாள் வருபவருடையதைப்போல் மும்மடங்கு. எனவே ஒவ்வொருவருக்கும் அவர் வரும் நாட்களால் வகுத்த எடை கொடுக்க வேண்டும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். கேட்ட 200 பேரில் 120 பேர் ஆறு நாளும், 80 பேர் இரண்டு நாளும் வருவதாகச் சொன்னார்கள் என்க. இரண்டு நாள் வேலைக்காரர் 40 விழுக்காடு என்று எழுதிவிடத் தோன்றும். எடையிட்டுப் பாருங்கள்: 120ஐ 6ஆல் வகுத்தால் 20, 80ஐ 2ஆல் வகுத்தால் 40. மொத்தம் 60இல் 40 பங்கு, அதாவது மூன்றில் இரண்டு பேர், வாரத்தில் இரண்டே நாள் வேலை கிடைப்பவர்கள்! ஒரே தாள், ஒரே விடைகள். முறை அறியாதவன் 'பெரும்பாலோர்க்கு நிறைந்த வேலை' என்பான், அறிந்தவன் 'பெரும்பாலோர்க்கு அரை வயிற்று வேலை' என்பான்.

சராசரியும் ஒட்டுறவும்

எடுத்த எண்களைச் சுருக்கும்போதும் விழிப்பு வேண்டும். ஒன்பது வீடுகளின் மாத வருவாய் பத்தாயிரம் ரூபாய். பத்தாவதான தோட்டக்காரர் வீட்டுக்கு 3,10,000 ரூபாய் என்க. சராசரி 40,000 ரூபாய். அவ்வளவு பெறும் வீடு ஒன்றுகூட அவ்வூரில் இல்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் பத்தாயிரம். உண்மை அதிலே தெரியும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலம் போனதாகத் தலைப்புச் செய்தி வந்தது. அது அன்றைய உச்ச விலை. சராசரி அதனினும் வெகுவாகக் குறைவு.

இரண்டு பொருள்கள் சேர்ந்து ஏறி இறங்கினால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டுதலும் தவறு. மழை மாதங்களில் பிள்ளைகளின் பள்ளி வருகை குறைவதாகக் கண்டால், காரணம் மழையாகவும் இருக்கலாம். அதே மாதங்களில் வரும் காய் பறிப்பாகவும் இருக்கலாம். தோட்ட வேலைக்குச் செல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் தனியே எடுத்து ஒப்பிட்டாலன்றி உண்மை புலப்படாது.

நாம் செய்யத்தக்கது

இவற்றைக் கற்க உயர்கணிதம் வேண்டுவதில்லை. கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம், அவற்றினும் மேலாகப் பொறுமை ஆகியவை போதும். கணிப்பொறி கணக்கைப் போட்டுவிடும். ஜீப்பில் யார் வந்தார் என்பதை நாம்தான் சென்று கேட்க வேண்டும். அத்தொழிலாளரின் மொழி நம் மொழி. வேற்றுமொழி ஆய்வாளரிடம் தயங்கிச் சொல்வதை நம்மிடம் தயங்காமல் சொல்வர். அவ்வாய்ப்பு நமக்கிருக்க, எல்லையின் இருபுறமும் கணக்கில் வாராத மக்களை வாராமலே விடுதல் முறையாகுமா? வரும் விடுமுறையில் நம் மன்றத்தினர் நால்வராயினும் ஒரு வினாப்பட்டியலோடு புறப்படுவோமாக. 1916ஆம் ஆண்டு மாணவர் தத்தம் ஊரை எழுதினர். நாம் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள பாதையை எழுதுவோம்.